வேலை விண்ணப்பத்திற்கான முகப்புக் கடிதத்தை எழுதும் முறை: குமரி மாவட்டத்து விண்ணப்பதாரர்களுக்கு

கவர் லெட்டர் என்று எல்லோரும் சொல்லும் முகப்புக் கடிதம், நம் மாவட்டத்திலிருந்து புறப்படும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போலவே இருக்கிறது. "நான் கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவன், எனக்கு ஒரு வாய்ப்பு அளித்தால் தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்" என்று எழுதப்பட்ட கடிதத்தில் பெயரை மறைத்துவிட்டால், அதை எழுதியவர் செவிலியரா, கணக்கரா, காற்றாலைத் தொழில்நுட்பரா என்று எவராலும் சொல்ல இயலாது. படிப்பவருக்கு அக்கடிதத்தால் பயன் ஏதுமில்லை. அவர் அறிய விரும்புவது, இந்த இடத்தில் செய்ய வேண்டிய வேலையை அல்லது அதற்கு நெருங்கிய ஒன்றை இவர் முன்பே செய்திருக்கிறாரா, செய்தார் என்பதற்கு என்ன சான்று இருக்கிறது என்பதையே. முகப்புக் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் இந்தக் கேள்விக்கு விடையாக அமைய வேண்டும். விடையாக அமையாத வரியைத் தயங்காமல் நீக்கிவிடலாம்.

எல்லா வேலைக்கும் இக்கடிதம் தேவைப்படுவதில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், ஆசிரியர் தேர்வு வாரியம், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆகியவை இணையவழிப் படிவத்தைக் கொண்டே விண்ணப்பங்களைப் பெறுகின்றன. அங்கே கடிதத்திற்கு இடமே இல்லை. தனியார் மருத்துவமனைகள், முந்திரி மற்றும் ரப்பர் சார்ந்த தொழிலகங்கள், விடுதிகள், காற்றாலைப் பராமரிப்பு நிறுவனங்கள், திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இயங்கும் மென்பொருள் நிறுவனங்கள், நிர்வாகமே ஆசிரியர்களைத் தேர்வு செய்யும் பள்ளிகள், வளைகுடா நாட்டு வேலைகள் ஆகியவற்றுக்கே இதனைக் கருத்துடன் எழுத வேண்டியிருக்கிறது.

எழுதத் தொடங்கும் முன் செய்ய வேண்டியது

விளம்பரத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை தகுதிகளுக்காக: என்ன படிப்பு, எத்தனை ஆண்டு அனுபவம், எந்தச் சான்றிதழ். இரண்டாம் முறை, அந்தப் பணியில் அமர்பவர் காலை முதல் மாலை வரை உண்மையில் என்ன செய்து கொண்டிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதற்காக. பலரும் முதல் வாசிப்போடு நின்றுவிடுகிறார்கள். தகுதிகள் தன்விவரக் குறிப்பிலேயே இருப்பதால், அவற்றை மீண்டும் கடிதத்தில் எழுதுவது ஒரே செய்தியை இருமுறை சொல்வதாகிறது.

எடுத்துக்காட்டாக, அண்டி ஆபீஸ் என்று நம் மேற்குப் பகுதியில் வழங்கும் முந்திரி ஆலை ஒன்று, பி.காம். படித்த, டேலி என்னும் கணக்கு மென்பொருள் தெரிந்த கணக்கு உதவியாளர் தேவை என்று விளம்பரம் செய்வதாகக் கொள்வோம். விளம்பரத்தில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் முந்திரி ஆலையில் ஓடு உடைப்பவர்களும் தோல் உரிப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பலருக்குக் கூலி செய்த எடையைப் பொறுத்தது. எனவே அங்குள்ள கணக்கருக்கு ஒவ்வொருவரின் எடைக் கணக்கைத் திரட்டிக் கூலிப் பட்டியல் போடும் வேலை இருக்கும். வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. ஆகியவற்றுக்கான தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும், மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் நிறுவனமானால் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் தவறக் கூடாத நாள்கள். இவற்றை எண்ணிப் பார்த்தவர் எழுதும் கடிதமும், டேலி தெரியும் என்று மட்டும் எழுதுபவரின் கடிதமும் ஒரே மேசையில் அடுத்தடுத்து இருக்கும்போது, ஆலை மேலாளர் எதை எடுத்து வைப்பார் என்பதில் ஐயமில்லை.

இதேபோல் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதியில் காற்றாலைப் பராமரிப்புப் பணிக்கு விண்ணப்பிக்கும் பட்டயப் படிப்பாளர், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் மின் உற்பத்தி மிகுதி என்பதையும், அப்போது ஓர் இயந்திரம் ஒரு நாள் நின்றாலும் இழப்பு பெரிது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். உயரத்தில் ஏறி வேலை செய்யத் தயக்கம் உண்டா, இரவில் அழைத்தால் வர இயலுமா, வீடு எவ்வளவு தொலைவில் என்பவையே அந்த மேற்பார்வையாளரின் கவலைகள். ஆரல்வாய்மொழியிலோ தோவாளையிலோ குடியிருப்பவர் அந்த ஒரு செய்தியைக் கடிதத்தில் எழுதாமல் விடுவது, கையிலிருக்கும் வலுவை வெளிக்காட்டாமல் விடுவதாகும்.

கடிதத்தின் நடுப்பகுதி

தொடக்கப் பத்தியில் எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள், எங்கே பார்த்தீர்கள், இப்போது என்ன செய்கிறீர்கள் என்பவற்றை இரண்டு அல்லது மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட வேண்டும். "மதிப்பிற்குரிய ஐயா, நான் நலம், தாங்கள் நலமா" என்ற நடையும், நிறுவனத்தின் புகழை அரைப் பக்கம் பாடுவதும் வேண்டா. முதல் பத்தியைக் குறுக்கினால்தான் உயிரான இரண்டாம் பத்திக்கு இடம் கிடைக்கும்.

அந்த இரண்டாம் பத்தியில் விளம்பரம் கேட்கும் தேவைகளில் மிக முக்கியமான இரண்டை, மிஞ்சினால் மூன்றை, எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்த ஒரு செயலைச் சான்றாக வைக்க வேண்டும். பண்பைக் குறிக்கும் சொல் எதுவாயினும் அதன் இடத்தில் செயலை வைப்பதே இதன் சூத்திரம். "நான் பொறுப்பானவள்; நோயாளிகளிடம் அன்பாக நடந்துகொள்வேன்" என்று ஒரு செவிலியர் எழுதினால் அதை நம்புவதற்கும் நம்பாமலிருப்பதற்கும் படிப்பவரிடம் காரணம் இல்லை. "18 படுக்கைகள் கொண்ட அவசர சிகிச்சைப் பிரிவில் ஓர் ஆண்டு இரவுப் பணியில் இருந்தேன், பணி மாறும்போது ஒவ்வொரு நோயாளியின் மருந்து அட்டவணையையும் அடுத்து வருபவருடன் சேர்ந்து படுக்கையருகிலேயே சரிபார்த்து ஒப்படைப்பேன்" என்று எழுதினால், பொறுப்பு என்ற சொல்லை எழுதாமலேயே அது புலப்படுகிறது. எண்கள் இருந்தால் எழுதுங்கள். ஆனால் நேர்காணலில் கேட்டால் விளக்க முடியாத எண்ணை எழுத வேண்டா.

படிப்பு முடித்த உடனே விண்ணப்பிப்பவர்கள், தங்களிடம் எழுதுவதற்கு எதுவுமே இல்லை என்று கருதுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் மாவட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் படிக்கும்போதே பலவகை வேலைகளில் கைகொடுத்து வளர்கிறார்கள்; அவற்றை வேலை என்று அவர்களும் எண்ணுவதில்லை, வீட்டாரும் எண்ணுவதில்லை. நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரியில் திரளும் பருவத்தில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறையில் நின்ற மாணவர், தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் பேசும் கூட்டத்தைச் சமாளித்து, அறைகளை ஒதுக்கி, பணத்தை எண்ணிக் கணக்கு ஒப்படைத்தவர். விடுதித் துறைக்கு மட்டுமன்றி வங்கி முகவர் பணிக்கும் அது தக்க அனுபவமே. குலசேகரம் பக்கத்தில் வீட்டு ரப்பர் தோட்டத்தின் ஷீட் விற்பனைக் கணக்கை எழுதி வந்தவர், தாயின் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குத் தீர்மானப் புத்தகமும் கடன் பதிவேடும் பார்த்துக் கொடுத்தவர், ஊர்த் திருவிழாக் குழுவில் வரவு செலவுக்குப் பொறுப்பேற்றவர், மாலையில் பத்துப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி நடத்தியவர் ஆகிய எல்லோருக்கும் எழுதுவதற்குப் பொருள் உண்டு. எத்தனை மாதம், எவ்வளவு பேர், எந்தப் பொறுப்பு என்று தெளிவாக எழுதினால் போதும். அதைப் பெரிதாக்கிக் காட்டத் தேவையில்லை.

மூன்றாம் பத்தியில் உங்களிடம் இல்லாததைச் சொல்லலாம். விளம்பரம் மூன்றாண்டு அனுபவம் கேட்க உங்களுக்கு இரண்டாண்டே இருந்தால், அதை மறைத்து எழுதுவதைவிட ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு, அதை ஈடுசெய்யக்கூடிய ஒன்றை அடுத்த வாக்கியத்தில் சொல்வது நன்று. திருமணம், மகப்பேறு, பெற்றோரின் நோய், வளைகுடாவிலிருந்து திரும்பியது ஆகியவற்றால் ஏற்பட்ட இடைவெளிக்கும் இதே முறைதான். காரணத்தை ஒரு வரியில் சொல்லி, அக்காலத்தில் தொழிலோடு தொடர்பு விட்டுப்போகாமல் வைத்திருந்த வழியைச் சொல்ல வேண்டும். குடும்ப வறுமையையும் தங்கையின் திருமணத்தையும் எழுதி இரக்கம் வேண்டுவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். அந்தத் துன்பங்கள் உண்மையானவையே என்றாலும், பணி அளிப்பவர் அவற்றைக் கொண்டு முடிவெடுக்க இயலாது. கடிதத்தின் மற்ற வரிகளையும் அவை வலுவிழக்கச் செய்கின்றன.

கேரளத்துக்கு விண்ணப்பிப்போர்

திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் (அன்றைய சென்னை மாநிலம்) இணைந்த பகுதி என்பதால், கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் தமிழும் மலையாளமும் புழங்கும் வீடுகள் இன்றும் பல. இது திருவனந்தபுரத்து நிறுவனங்களில் மதிப்புள்ள தகுதி. ஆயினும் "மலையாளம் தெரியும்" என்று மொட்டையாக எழுதினால் நேர்காணலில் சங்கடம் நேரும். சரளமாகப் பேசுவேன், ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது என்ற நிலையில் இருப்பவர்களே நம்மிடையே மிகுதி. அதை அப்படியே எழுத வேண்டும். வாடிக்கையாளரிடம் பேசும் பணிக்கு அது போதும், ஆவணப் பணிக்குப் போதாது. எதற்குப் போதும் என்பதை முடிவு செய்வது அவர்கள் வேலை.

நாள்தோறும் போய்வருவீர்களா, அங்கே தங்குவீர்களா என்பதையும் எழுதிவிடுங்கள். களியக்காவிளையிலிருந்து போய்வருவது ஒன்று, நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நகரைக் கடந்து, டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டம் வரை போய்வருவது மற்றொன்று. சுழற்சி முறைப் பணியானால் இந்தக் கேள்வி கட்டாயம் எழும். சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கு எழுதும்போது நேர்காணலுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு தேவை, பணியில் சேர எவ்வளவு காலம் வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

வெளிநாட்டு வேலைக்கு எழுதுவோர்

இங்கே முதலில் பெயரைக் கவனிக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்தோடு பெயர் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுமையாக விரிந்து குடும்பப் பெயர் என்ற இடத்தில் அமர்ந்திருக்கும். வளைகுடாவில் உள்ள மனிதவளத் துறையினருக்கு இவ்விரண்டும் ஒருவரே என்பது தானாக விளங்காது. கடிதத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதி, கல்விச் சான்றிதழ்களில் பெயர் இன்ன வடிவில் உள்ளது என்று இறுதியில் ஒரு வரி சேர்த்துவிட்டால் பின்னாளில் வரும் அலைச்சல் குறையும். செவிலியர்கள் தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு செய்த விவரத்தையும், அந்த நாட்டுக்கான தகுதித் தேர்வை எழுதியிருந்தால் அதன் நிலையையும் தொடக்கப் பத்தியிலேயே சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தத் தகவல் இல்லாத விண்ணப்பத்தை மேற்கொண்டு படிக்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.

ஆதார் எண், கடவுச்சீட்டு எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் கடிதத்தில் எழுத வேண்டா. முகவர் வழியாக விண்ணப்பிப்பவர்கள், கடிதம் அனுப்புவதற்கு முன்பே அந்த முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர்தானா என்று பார்த்துவிட வேண்டும். பதிவு பெற்ற முகவர் தம் சேவைக்காக வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே.

பள்ளிகளுக்கு எழுதும்போது

திருச்சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் பள்ளிகள் நம் மாவட்டத்தில் மிகுதி. அங்கே கடிதத்தைத் தாளாளருக்கு எழுத வேண்டும். தலைமை ஆசிரியருக்கு எழுதினால் அது கைமாறிக் கைமாறித் தாமதமாகும். பாடம், ஆசிரியர் தகுதித் தேர்வின் நிலை, எந்த வகுப்புகளுக்குக் கற்பித்தீர்கள் என்பவை முன்னால் வரட்டும். பங்குத்தந்தை அல்லது போதகரின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் அதைத் தனியே இணைக்கலாம். கடிதத்துக்குள்ளேயே "இன்னாரின் உறவினர்" என்று எழுதுவது நல்லதன்று. தெரிந்த ஒருவர்தான் இந்தப் பணியிடத்தைப் பற்றிச் சொன்னார் என்றால், அவருடைய அனுமதியைப் பெற்று, தொடக்கப் பத்தியில் ஒரு முறை மட்டும் அவர் பெயரைக் குறிப்பிடலாம்.

ஒரு மாதிரி

மேலே சொன்ன முந்திரி ஆலைக்குத் தக்கலையில் பணிபுரியும் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொண்டால், முகவரிப் பகுதிக்குக் கீழே கடிதம் ஏறத்தாழ இப்படி அமையும்.

"பொருள்: கணக்கு உதவியாளர் பணிக்கான விண்ணப்பம்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஆலைக்குக் கணக்கு உதவியாளர் தேவை என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வந்த விளம்பரத்தைக் கண்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். பி.காம். முடித்து, தக்கலையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். நான் பார்த்துவரும் கணக்குகளில் ஒன்று முந்திரி ஆலையுடையது.

அந்த ஆலையின் கொள்முதல், விற்பனைப் பதிவுகளை டேலியில் ஏற்றி, ஜி.எஸ்.டி. படிவங்களைத் தயாரித்து, தணிக்கையாளர் சரிபார்த்த பின் ஒவ்வொரு மாதமும் உரிய நாளுக்குள் தாக்கல் செய்கிறேன். எடைக்கேற்பக் கூலி பெறும் 60 தொழிலாளர்களின் வாரக் கூலிப் பட்டியலை எக்செலில் தயாரிப்பதும், அவர்களுக்கான வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. விவரங்களை 15ஆம் தேதிக்கு முன் பதிவேற்றுவதும் என் பொறுப்பு. எடைச் சீட்டுக்கும் பட்டியலுக்கும் வேறுபாடு வரும்போது, கூலி வழங்கும் நாளுக்கு முன்பே மேற்பார்வையாளருடன் அமர்ந்து சரிசெய்துவிடுவது என் வழக்கம்.

ஏற்றுமதி ஆவணங்களை நான் நேரடியாகக் கையாண்டதில்லை. ஆனால் ஏற்றுமதி விற்பனையை ஜி.எஸ்.டி. படிவங்களில் காட்டும் முறையை அறிவேன். மற்றவற்றைப் பணியில் சேர்ந்தபின் கற்றுக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன்.

தற்போதைய அலுவலகத்துக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அளிக்க வேண்டும். எந்த வேலை நாளிலும் மாலை 4 மணிக்குப் பிறகு நேர்காணலுக்கு வர இயலும். தன்விவரக் குறிப்பை இணைத்துள்ளேன்.

தங்கள் உண்மையுள்ள,"

இதில் கடின உழைப்பு, நேர்மை, அர்ப்பணிப்பு ஆகிய சொற்கள் ஓரிடத்திலும் இல்லை. எடைச் சீட்டைப் பற்றிய அந்த ஒரு வாக்கியமே அவற்றுக்கெல்லாம் ஈடாக நிற்கிறது. கூலிநாளில் தகராறு வந்து பார்த்த மேலாளர் எவரும் அந்த வரியில் சற்று நின்றுதான் மேலே படிப்பார். சம்பளத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை என்பதையும் கவனிக்கலாம். எதிர்பார்க்கும் சம்பளத்தைக் குறிப்பிடுமாறு விளம்பரமே கேட்டாலன்றி அதைக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தாலும் இதே ஒழுங்குதான். முதலில் சொல்ல வேண்டிய செய்திகளைத் தமிழில் குறித்துக்கொண்டு, பிறகு சிறுசிறு ஆங்கில வாக்கியங்களாக எழுதினால், இணையத்தில் கிடைக்கும் ஆடம்பரமான மாதிரிகளைப் பார்த்து எழுதுவதைவிடத் தெளிவாக அமையும். சாட்ஜிபிடி போன்ற செயலிகளைக் கொண்டு பிழை திருத்திக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கடிதம் முழுவதையும் அவற்றிடமே விட்டுவிட்டால், நீங்கள் செய்யாத சாதனைகளும் உங்கள் வாயில் வராத சொற்களும் உள்ளே நுழைந்துவிடும். நேர்காணலில் அமர்ந்து அவற்றுக்கு விடை சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அனுப்புவதும் அதற்குப் பிறகும்

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மின்னஞ்சலில் அனுப்பும்போது பொருள் வரியில் பணியின் பெயர், விளம்பர எண் இருந்தால் அந்த எண், உங்கள் பெயர் ஆகியவை இடம்பெற வேண்டும். கடிதத்தை மின்னஞ்சலின் உள்ளேயே எழுதி, தன்விவரக் குறிப்பை மட்டும் பி.டி.எஃப். கோப்பாக இணைப்பது நல்லது. அந்தக் கோப்புக்கு "புதியது 2 இறுதி" என்பது போன்ற பெயர் இருந்தால் மாற்றி, உங்கள் பெயரையும் பணியின் பெயரையும் வையுங்கள். நாகர்கோவில் கடைகளும் சிறு நிறுவனங்களும் இப்போது வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்து பயோடேட்டா அனுப்பச் சொல்கின்றன. அங்கே முழுக் கடிதம் பொருந்தாது. வணக்கம் சொல்லி, பணியின் பெயர், உங்கள் படிப்பு, பொருத்தமான ஓர் அனுபவம், ஊர் ஆகியவற்றை நான்கு வரியில் எழுதிக் கோப்பை இணைக்கலாம். குரல் பதிவு அனுப்ப வேண்டா.

வேறொரு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தைத் திருத்தி அனுப்பும் வழக்கம் உள்ளவர்கள், பழைய நிறுவனத்தின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கடைசி வரி வரை பார்க்க வேண்டும். தொலைபேசி எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பதும் நன்று.

அனுப்பிய நாளையும் நிறுவனத்தையும் ஓர் ஏட்டில் குறித்து, கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். பத்து நாள்கள் கழிந்தும் மறுமொழி இல்லையென்றால், அதே மின்னஞ்சலுக்குக் கீழே இரண்டு வரியில் பணிவாக நினைவூட்டலாம். நாள்தோறும் அழைத்துக் கேட்பது எதிர்விளைவைத் தரும். நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் அந்த நகலை எடுத்துச் செல்லுங்கள். மேலே காட்டிய மாதிரியை எழுதியவரிடம், எடைச் சீட்டில் கடைசியாக வந்த வேறுபாடு என்ன, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள்.